போனைப் பிடுங்கினால் சரியாகிவிடுமா? சமூக ஊடகமும் மனநலமும் பற்றிக் கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெற்றோர் கூட்டங்களுக்குக் கதைக்கப் போய் வருகிறேன். மண்டபத்துக்குள் கையை உயர்த்திக் கேட்கிற கேள்விகள் ஒரு விதம். கூட்டம் முடிந்து, பிளேன் டீ கோப்பையோடு படிக்கட்டில் மறித்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறவை இன்னொரு விதம். கீழே இருப்பவை பெரும்பாலும் படிக்கட்டுக் கேள்விகள். நான் உளவளத்துணையாளர், மருந்து எழுதுகிற வைத்தியர் இல்லை. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சின்ன விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

மகன் டிக்டொக்குக்கு அடிமையாகிவிட்டான். இது ஒரு நோயா?

நோய்ப் பட்டியலில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வீடியோ கேம் விளையாட்டில் கட்டுப்பாடு இழப்பது அதில் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டது. சமூக ஊடகம் சேர்க்கப்படவில்லை. அதனால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ‘சிக்கலான பாவனை’ என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும். ‘அடிமை’ என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு அந்த வீட்டில் மேற்கொண்டு பேச்சு நடந்ததை நான் கண்டதில்லை.

நோர்வேயின் பேர்கன் நகரத்து ஆய்வாளர்கள் செய்த ஓர் அளவுகோல் உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. ஆறே ஆறு கேள்விகள். வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: கையில் போன் இல்லாத நேரத்திலும் அதைப் பற்றியே நினைக்கிறாரா? நேற்றுப் போதுமாக இருந்தது இன்றைக்குப் போதவில்லையா? கவலையை மறக்கத்தான் அதற்குள் போகிறாரா? குறைக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறாரா? கிடைக்காவிட்டால் அந்தரப்படுகிறாரா? படிப்போ வேலையோ கெட்டிருக்கிறதா? கடந்த ஒரு வருடத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டுக்கு ‘ஓம்’ என்பது நம்மில் பாதிப் பேருக்கு வரும். ஆறில் நான்குக்காவது ‘அடிக்கடி’ என்று வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கை 44 நாடுகளையும் பிராந்தியங்களையும் சேர்ந்த 11, 13, 15 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. அதன்படி சிக்கலான பாவனை 2018இல் 7 வீதமாக இருந்து 2022இல் 11 வீதமாகியது. பெண் பிள்ளைகளில் 13 வீதம், ஆண் பிள்ளைகளில் 9 வீதம். அது ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடாப் பிள்ளைகளின் கணக்கு. என்றாலும் அதில் இன்னொரு விஷயம் உண்டு. நிறையப் பாவித்தும் சிக்கலில் விழாத பிள்ளைகளுக்குக் கூட்டாளிகளின் ஆதரவு அதிகமாக இருந்திருக்கிறது. ஆக, நிறையப் பாவிப்பதையும் சிக்கலான பாவனையையும் ஒன்றாக எடுக்கக் கூடாது.

ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் தாண்டினால் பயப்பட வேண்டும்?

எல்லாருக்கும் ஒரு இலக்கம் வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2023 மே மாதத்தில் விடுத்த அறிவுறுத்தலில் ஓர் இலக்கம் இருக்கிறது: நாளுக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் வரும் ஆபத்து இரு மடங்கு. அதைக் கேட்டுவிட்டு மணிக்கூட்டோடு பிள்ளைக்குப் பின்னால் திரிய வேண்டாம். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதுதான் அதன் பொருள். எது எதைக் கொண்டுவந்தது என்று அந்த இலக்கம் சொல்லாது.

என்னிடம் வந்த ஒரு பெண் பிள்ளை நாளுக்கு நாலரை மணித்தியாலம் போனில் இருந்தாள். கேக் அலங்கரிக்கும் வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிப் போடுவாள், மட்டக்களப்பில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்காவோடு கதைப்பாள், பத்தரைக்கு நித்திரை. இன்னொரு பையன் 50 நிமிடந்தான். அந்த 50 நிமிடமும் தன்னைக் கேலி செய்து குழுவிலிருந்து விலக்கிய வகுப்புக் கூட்டாளியின் பக்கத்தை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குக் கவலை தந்தவன் இரண்டாமவன்.

போன் எதைத் தள்ளிவிட்டது என்று பாருங்கள். நித்திரையையா, சாப்பாட்டையா, மாலையில் விளையாடப் போவதையா, ஆட்களைச் சந்திப்பதையா? முதலில் நித்திரை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். அது ஐந்தரையாகிவிட்ட பிள்ளைக்கு எரிச்சலும் அழுகையும் வருவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

சமூக ஊடகம் மனச்சோர்வைத் தருகிறதா, மனச்சோர்வு உள்ளவர்தான் அதில் போய் விழுகிறாரா?

இரண்டும் நடக்கிறது. இதில் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு அமெரிக்கா, பிரித்தானியாவின் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை எடுத்தது. டிஜிட்டல் சாதனப் பாவனைக்கும் மனநலத்துக்கும் எதிர்த் தொடர்பு உண்டு, ஆனால் மனநல வேறுபாட்டில் ஆகக் கூடியது 0.4 வீதத்தைத்தான் அதனால் விளக்க முடியும் என்றது. மறுபக்கம் 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவரை வைத்துச் செய்த பரிசோதனை. பேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்னப்சட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கு மூன்று வாரத்தில் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அதே வருடம் அமெரிக்கத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் பேஸ்புக்கை மூடி வைத்தவர்களுக்கும் மனநிலை கொஞ்சம் நல்லதானது. ‘கொஞ்சம்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

சராசரி சின்னதாக இருப்பதால் எல்லாருக்கும் பாதிப்புச் சின்னது என்று ஆகாது. ஒரே தட்டிலிருந்து லட்டு எடுத்துச் சாப்பிட்டாலும் சீனி வருத்தக்காரருக்கு நடப்பது வேறு, பக்கத்தில் இருப்பவருக்கு நடப்பது வேறு. ஏற்கெனவே தனிமையிலோ பயத்திலோ இருக்கும் பிள்ளையைத்தான் இது கூடுதலாகப் பிடிக்கிறது.

கனடாவில் இருக்கிற என் வயதுக்காரர்களின் படங்களைப் பார்த்தால் எனக்கு ஏன் வயிறு எரிகிறது?

கேட்டவருக்கு 26 வயது, புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறார். மனிதன் தன்னை மற்றவரோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறான், அதுவும் தன்னைப் போன்றவரோடுதான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே எழுதினார். அம்பானி வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்து ரசிப்பீர்கள். ஒரே வாங்கில் இருந்து படித்தவன் ஸ்காபரோவில் வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துப் படம் போட்டால் நித்திரை வராது.

மற்ற ஊர்க்காரரை விட நமக்கு இது கூடுதல் என்பது என் எண்ணம். நமது சொந்தம் பாதி வெளியே. 2022 பொருளாதார நெருக்கடியில் நாங்கள் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று, இருட்டில் விசிறியால் விசிறிக்கொண்டு, மிச்சமிருந்த சார்ஜில் பார்த்ததெல்லாம் அவர்களின் பனியும் காரும்தானே? அதற்குப் பிறகு கட்டுநாயக்க விமான நிலையப் படங்கள் வரத் தொடங்கின. உங்களுக்கும் தெரியும் அந்தப் படம்: கடவுச்சீட்டுக்குள் போர்டிங் பாஸ் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு கோப்பிக் கோப்பை, கீழே விமானச் சின்னம் மட்டும், ஒரு சொல்லும் இருக்காது. இவர் அப்படியானவற்றை எண்ணி வைத்திருந்தார். ஒரே வருடத்தில் தன் வகுப்பில் 11 பேர் என்றார்.

அவரை ஒரு வேலை செய்யச் சொன்னேன். ஸ்காபரோக்காரருக்கு லைக் போடாமல் தொலைபேசியில் எடுத்துக் கதைக்கச் சொன்னேன். இரண்டு கிழமை இழுத்தடித்து ஒரு ஞாயிறு எடுத்தார். அந்தப் பக்கம் களஞ்சியத்தில் இரவு வேலை முடித்து வந்து, நிலக்கீழ் அறையில் இருந்து கதைத்தார். வீட்டுச் சாவி மாமாவின் வீட்டுச் சாவியாம். அது பெரிய ஆச்சரியம் இல்லை, இப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் நினைப்போம். எனக்கு ஆச்சரியம் தந்தது அவர் சொன்ன அடுத்த விஷயம். இவர் ஒரு பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடையைக் கையில் வைத்து, பின்னால் கடல் தெரிய ஒரு படம் போட்டிருக்கிறார். அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு அந்த ஸ்காபரோக்காரர் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தாராம். தன் வடைப் படம் இன்னொருவரின் வயிற்றை எரித்திருக்கும் என்று இவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அதனால் இவரின் பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போகவில்லை. பதினொரு பேரில் ஆறு பேரின் ஸ்டேட்டஸ்களைச் சத்தமில்லாமல் மறைத்து வைத்திருக்கிறார். அவர்களுக்குத் தெரியாது, உறவும் முறியாது. நல்ல வசதி, பாவியுங்கள்.

பெறுபேறு வருகிற நாளில் பிள்ளையின் போனை வாங்கி வைக்கலாமா?

முதலில் உங்கள் போனை வையுங்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்து அரை மணித்தியாலத்தில் ‘9ஏ’ (ஒன்பது பாடத்திலும் ஏ) ஸ்டேட்டஸ்கள் கிளம்பும், குடும்பக் குழுவில் யாரோ ஒரு சித்தி ‘எங்கட பிள்ளைக்கு எப்படி?’ என்று கேட்பார். பெறுபேறு வருவதற்கு முன்தினமே பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள்: யாருக்குச் சொல்வது, யார் சொல்வது, எப்போது சொல்வது. 9ஏ எடுத்த வீட்டாரும் அந்த ஸ்டேட்டஸை ஒரு நாள் பிந்திப் போட்டால் யாருக்கும் நட்டமில்லை.

நிறுத்த நினைத்தும் ஏன் முடிவதில்லை? எனக்கு மனவுறுதி இல்லையா?

பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. ரீல்ஸுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. முடிவேயில்லாமல் கீழே உருண்டுகொண்டிருக்கும் அந்த வடிவத்தை 2006இல் உருவாக்கியவர் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர். பின்னாளில் அதற்காக வருந்தி வெளிப்படையாகப் பேசினார். லைக் பொத்தானை பேஸ்புக் 2009இல் கொண்டுவந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் விழுந்தால் புறா பசிக்கு மட்டும் கொத்தும். எப்போது விழும் என்று தெரியாவிட்டால் விடாமல் கொத்தும். அடுத்த வீடியோ நன்றாக இருக்குமோ என்னவோ என்று தள்ளுகிறோமே, அதுதான்.

மனவுறுதி பற்றிப் பாடம் நடத்த எனக்குத் தகுதி இல்லை. போன மாதம் கோட்டையில் ரயில் ஏறி, வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவள், யாரோ முன்பின் தெரியாத ஒருவர் பாறைக்குள் அடுப்பு கட்டிச் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்து தெஹிவளையில் போய் இறங்கினேன். அன்றைக்கு நான் கதைக்கப் போன தலைப்பு என்னவென்று கேட்காதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்குத்தான் பாதிப்புக் கூடவா?

இலக்கங்கள் அப்படித்தான் காட்டுகின்றன. பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களை 2021இல் அதன் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹோகன் வெளிக்கொண்டுவந்தபோது, பதின்ம வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடல் தோற்றம் பற்றிய கவலையை இன்ஸ்டகிராம் கூட்டுகிறது என்று அவர்களின் ஆட்களே எழுதி வைத்திருந்தது தெரிந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இதில் நிறமும் சேர்கிறது. முகத்தை வெளுப்பாக்காத ஃபில்டரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ‘நல்ல நிறம்’ என்று மணமகள் விளம்பரம் போட்டவர்கள் நாங்கள்தான், அதற்கு இன்ஸ்டகிராம் தேவைப்படவில்லை.

ஆண் பிள்ளைகள் குறைவாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஜிம் உடம்பு வீடியோக்களைப் பார்த்து மதியச் சாப்பாட்டை விட்ட பையன்களையும் கண்டிருக்கிறேன்.

படத்தை வைத்து யாராவது மிரட்டினால் அது வேறு விஷயம், ஆணானாலும் பெண்ணானாலும். அழிக்காமல் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள், காசு கொடுக்க வேண்டாம், பிள்ளைக்கு ஏச வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

சரி, போனைப் பிடுங்கலாமா? வைஃபையையாவது நிறுத்தலாமா?

வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பொன்றில் ஓர் அம்மா இரவு பத்துக்கு ரவுட்டரின் வயரைக் கழற்றித் தன் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு படுத்தார். மூன்று கிழமை. நான்காவது கிழமை ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பியபோது மகனின் போர்வைக்குள் நீல வெளிச்சம். டியூஷனுக்குப் பஸ்ஸில் போகக் கொடுத்த காசில் டேட்டா ரீலோட் பண்ணிவிட்டு, பம்பலப்பிட்டிக்கு நடந்து போய் வந்திருக்கிறான். ‘அப்படியாவது நடந்தானே’ என்று அவரின் கணவர் சொன்னாராம்.

பிடுங்குவது சண்டையைத்தான் வளர்க்கும். என் அனுபவத்தில் வேலை செய்தது ஒன்றே ஒன்று: எல்லாப் போனும், அப்பாவுடையதும் சேர்த்து, இரவில் குசினியில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகும். ‘அலாரத்துக்கு வேணும்’ என்ற சாட்டு வரும். அதற்கு ஒரு மேசை மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள். அதோடு ஆட்கள் அனுப்பும் செய்தி தவிர மற்ற எல்லா நோட்டிபிகேஷனையும் நிறுத்துங்கள். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினாலும் சிலருக்கு உதவுகிறது, எனக்கு உதவவில்லை.

நிறுவனங்கள் போடும் பூட்டுகளை அதிகம் நம்ப வேண்டாம். டிக்டொக் 2023இல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 60 நிமிட எல்லை வைத்தது, பிள்ளை ஓர் இரகசிய இலக்கத்தை அடித்தால் மேலும் பார்க்கலாம். இன்ஸ்டகிராம் 2024இல் பதின்ம வயதினருக்குத் தனிக் கணக்கு முறை கொண்டுவந்தது, பிறந்த வருடத்தை மாற்றிப் போட்ட பிள்ளையை அது எப்படிப் பிடிக்கும்? அவுஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தவர்களின் கணக்குகளையே 2025 டிசம்பர் 10 முதல் தடை செய்தது. அதன் விளைவு என்ன என்று பார்க்க நானும் ஆவலாகத்தான் இருக்கிறேன்.

2019இல் அரசாங்கம் சமூக ஊடகத்தைத் தடை செய்தபோது நிம்மதியாகத்தானே இருந்தோம்?

ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் ஐயா இதைக் கேட்பார். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது தடுத்தார்கள், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் தடுத்தார்கள், பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போது 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் தடுத்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போன ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் வட்ஸ்அப்பும் இல்லாமல் இருந்த வீடுகளில் நிம்மதி இருக்கவில்லை, ஐயா. பிள்ளைகள் அன்று பின்னேரமே தடையைச் சுற்றிப் போகிற விபிஎன் செயலியைப் போட்டுவிட்டார்கள்.

அம்மாவின் போனுக்கு யார் கட்டுப்பாடு வைக்கிறது?

இதைக் கேட்டது தரம் 7 படிக்கும் ஒரு பிள்ளை, எல்லார் முன்னாலும். அம்மாவும் நேர்மையான ஆள். அந்த இடத்திலேயே ஸ்க்ரீன் டைம் திறந்து வாசித்தார்: 5 மணித்தியாலம் 40 நிமிடம். ‘இதில பாதி உன்ட ஸ்கூல் குரூப்’ என்றார். ‘மிச்சம்?’ என்றது பிள்ளை.

பெரியவர்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தெஹிவளையில் தனியாக இருக்கும் ஓர் அம்மம்மா காலையில் எழுந்ததும் இருபது குழுக்களுக்கு ‘இனிய காலை’ மலர்ப்படம் அனுப்புகிறார் என்றால் சிரிக்காதீர்கள். பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போனைக் குறைக்கச் சொல்வதை விட, கிழமையில் இரண்டு நாள் யாராவது வீட்டுக்குப் போகலாம்.

எப்போது உதவி தேட வேண்டும்? தமிழில் கதைக்க யார் இருக்கிறார்கள்?

இரண்டு கிழமைக்கு மேல் சோர்ந்து கிடந்தால், நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், பாடசாலைக்குப் போக மறுத்தால், தன்னைத் தானே காயப்படுத்தினால், ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்ற மாதிரி ஏதாவது சொன்னால். கடைசி இரண்டுக்கும் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டாம். ‘சாக வேண்டும் போல இருக்கா?’ என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அப்போதைக்குப் போன் பிரச்சினையை ஒதுக்கி வையுங்கள்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்குகிறது. அந்த நிறுவகம் அங்கொடையில் இருப்பதுதான் எங்கள் ஆட்களுக்கு ஒரு தடை. கொழும்பில் ‘அங்கொடை’ என்பதே ஏச்சுச் சொல்லாகிவிட்டது. தொலைபேசியில் கதைக்க அங்கே போகத் தேவையில்லை, யாருக்கும் தெரியவும் வராது. 1333 இலவச உளவளத்துணை இலக்கம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவில் தொண்டர்கள் அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது.

எங்கே அழைத்தாலும் முதல் வசனமே ‘நான் தமிழில் கதைக்க விரும்புகிறேன்’ என்பதாக இருக்கட்டும். அந்த நேரத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால், எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேட்டு எழுதி வைத்து, அந்த நேரத்துக்குத் திரும்ப எடுங்கள். சிங்களத்தில் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அழுகை வருகிற இடத்தில் சொல் தட்டுப்படும்.